ஒன்பது பாட்டும் ஒரு பாக்கியும்

1

ஓர் அப்பனின் சம்மதம் பத்து இங்கிலீஷ் பாட்டு விலைக்குப் படிந்தது. விலை வைத்தவள் மகள். அப்படித்தான் நான் முதலில் நம்பினேன்.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் கற்பனையில் முளைத்த கதை இல்லை. அருப்புக்கோட்டையில் மிளகாய்க் கமிஷன் கடை வைத்திருக்கும் பொன்னுச்சாமி அண்ணாச்சி, மாசி மாதக் கடைசியில் ஒரு காலை என் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, “ஏப்பா, எழுதுறவன்னு சொல்றாக, உனக்கு இங்கிலீஷ் பாட்டு புரியுமில்ல?” என்று கேட்டபோது தானாக வந்து இறங்கியது. எங்கள் அப்பா பருப்பு மண்டிக்காரர். வாசலில் இனாமாக இறங்குகிற சரக்கைத் திருப்பி அனுப்புகிற வளர்ப்பு எனக்கில்லை.

2

முதல் தொடக்கம்: “மாசி வெயிலில் திருச்சுழி ரோடு உருகிக்கொண்டிருந்த ஒரு…” (அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்துக் கதையெல்லாம் வெயிலில்தான் தொடங்குகிறது. வெயிலுக்கே சலித்திருக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: “தங்கச்செல்வி அயர்லாந்துக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது.” இது தேவலாம்.

தங்கச்செல்வி அண்ணாச்சியின் ஒரே மகள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மருந்துப் பிரிவில் வேலை. அந்த ஊர்த் தச்சுவேலைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். போனை வைத்த அண்ணாச்சி இரண்டு வருஷமாக அவளிடம் பேசவில்லை. ஏப்ரல் பதினெட்டு கல்யாணம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்:

“அப்பா, இங்க ஏப்ரல்லதான் வசந்தம். கல்யாணத்தன்னைக்குப் போட வசந்தத்துக்கு ஏத்த இங்கிலீஷ் பாட்டு பத்து வேணும். நீங்களே பொறுக்கித் தரணும். வேற ஒண்ணும் வேணாம். அதையே சம்மதமா எடுத்துக்கிறேன்.”

அண்ணாச்சிக்குத் தெரிந்த இங்கிலீஷ்: லோடு, லோனு, ஜி.எஸ்.டி.

3

கதை நடக்கிற இடம் அண்ணாச்சியின் மிளகாய்க் கிட்டங்கி, அதாவது குடோன். புது மிளகாய் வத்தல் வந்திறங்கும் வரத்துக் காலம். மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே என் போனில் ஒவ்வொரு பாட்டாகப் போட்டேன். (பாட்டுகளின் பெயரைக் கேட்காதீர்கள். கொள்முதல் எங்கே என்று வெளியே சொன்ன வியாபாரி உருப்பட்டதில்லை.)

“அர்த்தம் சொல்லவா அண்ணாச்சி?”

“சொல்லாத. வத்தல் என்ன பாஷையா பேசுது? அதுக்கு நான் விலை போடலையா?”

மூட்டையில் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் குத்தூசி செருகி மாதிரி எடுப்பது மண்டி வழக்கம். பாட்டுக்கும் அதேதான். தொடக்கத்தில் பத்து விநாடி, நடுவில் பத்து, கடைசியில் பத்து. கண்ணை மூடிக்கொண்டு.

“இது மேல முதல்தரம், அடியில சொத்தை. தள்ளு.”

“இவன் ஏன் இப்படிக் கத்துறான்? தள்ளு, தள்ளு.”

“இந்தப் பிள்ளைக்கு ஈரம் சரியா இருக்கு. எடுத்து வை.”

எனக்கு வாலாட்டத் தோன்றியது. (இதைச் சொன்னால் கதைசொல்லி மேல் நம்பிக்கை போய்விடுமே என்று யோசித்தேன். முன்பு மட்டும் இருந்ததா என்ன?) துள்ளுகிற மெட்டில் ஒரு பிரிவுப் பாட்டை நைசாக உள்ளே நுழைத்தேன். இங்கிலீஷ் தெரிந்தவர்களே அது தெரியாமல் கல்யாணத்தில் ஆடுகிற ரகம். அண்ணாச்சி மூன்றாவது குத்தில் கண்ணைத் திறந்தார்.

“ஏப்பா, இவ சிரிச்சுக்கிட்டே அழுகுறா. கல்யாண வீட்டுக்கு ஆகாது.”

அகராதியோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்துகிறவன் நான். அந்த இடத்தில் அவரைக் கும்பிட்டுவிடலாம் போலிருந்தது.

“வசந்தம்னா அங்க என்னதான் நடக்கும்?” என்று கேட்டார்.

“பனி போயி, மொட்டையா நின்ன மரமெல்லாம் பூக்கும்.”

வெளியே பார்த்தார். இலை உதிர்த்த வேம்பு செந்துளிர் விட்டிருந்தது.

“சரி. அவ கண்ணுல படுறதுக்கும் ஒரு மரம் இருக்கு” என்றார். “அடுத்ததப் போடு.”

4

ராமலட்சுமி மதினி விஷயத்தில்தான் சறுக்கினேன். அண்ணாச்சியின் மனைவியான அவர், நான் எழுதிய முதல் வரைவில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன்.

“நான் எப்பய்யா அழுதேன்?”

“கதைக்கு வேணும் மதினி.”

“வேணும்னா நீ அழு. அந்தப் பத்துப் பாட்டு யோசனையே என்னோடது.”

(இந்த இடத்தில் என் கதாசிரியர் பதவி பறிபோனது.)

“சம்மதம் கேட்டா மாட்டேம்பாக. விலை கேட்டா உக்காந்துருவாக. பேரத்தப் பாதியில விட்டுட்டு எந்திரிக்கிற ஆளா அவுக? அதான் மககிட்டச் சொன்னேன், ‘அப்பாகிட்டச் சம்மதம் கேக்காதடி, சரக்குக் கேளு’ன்னு.”

“சரி, பாட்டு எதுக்கு? நகை கேட்டிருக்கலாமே?”

“நகைன்னா அனுப்பிட்டு மறந்துருவாக. பாட்டுன்னா உக்காந்து பொறுக்கணும்ல? பொறுக்கையில அவள நெனைக்கணும்ல?”

ஆக, கதையை எழுதியவர் அவர். நான் படி எடுப்பவன்.

5

நாற்பத்திரண்டில் பத்து தேறியது. ஒன்பதை மட்டும் அனுப்பச் சொன்னார் அண்ணாச்சி.

“பத்தாவது?”

“கணக்கச் சுத்தமா முடிச்சுட்டா வாடிக்கை திரும்ப வாசப்படி மிதிக்காதுப்பா. எப்பவும் கொஞ்சம் பாக்கி நிக்கணும்.”

பிறகு போனை என்னிடமிருந்து வாங்கி, இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகளுக்கு முதல் வார்த்தையைப் பதிவு செய்து அனுப்பினார்: “ஒம்போது போட்டிருக்கேன். ஒண்ணு பாக்கி.”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவளே கூப்பிட்டாள். ஹலோவும் இல்லை, அழுகையும் இல்லை.

“பாக்கிய நான் நேர்லதான் வாங்குவேன். பதினெட்டாந் தேதி, இங்க வச்சு.”

“வண்டிக்கூலி யார் பாடு?”

“பாதிப் பாதி.”

“யோசிச்சுச் சொல்றேன்.” வைத்துவிட்டார். ஆனால் போனைப் பிடித்த கை காதை விட்டு இறங்க நேரமாயிற்று.

6

முடிவு ஒன்று: அண்ணாச்சி விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மேகத்தைப் பஞ்சு லோடு என்று நினைத்து… (ரொம்ப இனிப்பு. எறும்பு மொய்க்கும்.)

முடிவு இரண்டு: மதினி மட்டும் போகிறார். பத்தாவது பாட்டு கிட்டங்கியிலேயே தங்கி, நிறம் மங்கி… (வேண்டாம். அப்புறம் அந்த வீட்டில் எனக்குக் காப்பி கிடைக்காது.)

மூன்றாவது எனக்கு எழுத வரவில்லை. இன்று பங்குனி இருபத்தெட்டு. இன்னும் நான்கு நாளில் விமானம். விசாவுக்குத் தை மாதமே மதினி ஏற்பாடு செய்துவிட்டார். ‘ஸ்டாக்குல கிடக்கட்டும்’ என்று அண்ணாச்சியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். டிக்கெட் இரண்டு. ஒன்றைக் கேன்சல் பண்ணினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று நேற்று விசாரித்தாராம்.

சற்றுமுன் கிட்டங்கிப் பக்கம் போனேன். வாசலெல்லாம் வேப்பம்பூ. உள்ளே அந்தப் பத்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குத்தூசி இல்லாமல், முதலிலிருந்து கடைசிவரை. முடிந்ததும் அண்ணாச்சி மறுபடி போட்டார். என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தார்.

“ஏப்பா, அந்த ஊருக் குளிருக்கு என்ன உடுத்துவாக?”

“யாருக்கு அண்ணாச்சி?”

“சரக்குக்குத்தான்.”

இனி இது உங்கள் கை. அவரை விமானம் ஏற்றுவதோ இறக்குவதோ உங்கள் பாடு. எங்கள் ஊர் வழக்கப்படி நான் கணக்கை மட்டும் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன்:

கேட்டது பத்து.
பொறுக்கியது பத்து.
ஒப்படைத்தது ஒன்பது.
நேரில் தரவேண்டிய பாக்கி ஒன்று.