காற்றுக்கு எத்தனை வட்டம்

கைப்பேசியில் ஆடும் கோல்ஃப் விளையாட்டில் அந்தத் தையல்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பந்து விழ வேண்டிய இடத்தைக் காட்டும் குறி அதில் வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும்; காற்றின் வேகத்துக்குத் தக்கபடி அதைத் தள்ளி வைத்து அடிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த 'குருவி' என்பவர், "மணிக்கு அஞ்சு மைல் காத்துக்குக் குறியை எத்தனை வட்டம் தள்ளி வைக்கணும்?" என்று அவரிடம் எழுதிக் கேட்டார். இரண்டு என்று தெரிந்தே, ஒன்று என்று பதில் போட்டார் மனுஷர். போட்டிக்கு இன்னொருத்தர் எதற்கு? குருவியின் பந்து தினமும் குளத்தில் விழ, தனக்குள் சிரித்துக்கொண்டார்.

ஒரு மாலை, பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அந்தக் குருவி நான்தாங்க. நீங்க சொன்ன மாதிரி ஒரு வட்டம்தான் தள்ளுறேன். எனக்குத்தான் மண்டையில ஏறல. வீட்ல கேட்டா எரிஞ்சு விழுவீங்க. அங்கதான் எவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க."

நூல் அறுந்ததைக்கூடப் பார்க்காமல், தலையைக் குனிந்தபடி அவர் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார்.