அஞ்சரை பஸ்

தேர்வுக்கு இன்னும் பதினேழு மணி நேரம் இருந்தது. யாரும் வேலை கொடுக்காமல் சும்மா கிடக்க வேண்டிய சர்வர், கரும்புச்சாறு மெஷின் மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

புவனேஸ்வரி கைகளை மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

கல்லூரி ப்ராஜெக்டுக்காக நான்கு மாதமாக அவளும் யாசினும் ஆண்டனிராஜும் சேர்ந்து கட்டிய சர்வர் அது. பிரவுசரில் புரோகிராம் எழுதி அனுப்பினால், அதை ஓட்டி விடையைக் காட்டும். எவன் என்ன எழுதி அனுப்பினாலும் மெஷினுக்குக் கேடு வராமல் ஒரு கூண்டுக்குள் ஓடும். கூண்டு யாசின் எழுதியது. நாளைக் காலை பத்து மணிக்கு முதலாண்டுப் பிள்ளைகள் அறுபது பேர் இதில்தான் லேப் தேர்வு எழுதுகிறார்கள்.

"புவனா, நீ உள்ள இருக்கியா? உன் பேரு காட்டுது," என்றான் ஆண்டனிராஜ், திரையைப் பார்த்தபடி.

"இல்ல."

அது உண்மைதான். அவள் லேப்டாப் பைக்குள் இருந்தது. அவள் பெயரில் வேறு யாரோ உள்ளே இருந்தார்கள்.

ஆண்டனி அந்தப் பெயரை வெளியே தள்ளினான். இரைச்சல் அடங்கியது. செத்த நேரத்தில் பெயர் திரும்ப வந்தது. இரைச்சலும் வந்தது.

"கூண்டுதான் ஓட்டை. ஜூனியர் எவனோ அது வழியா வெளிய வந்து புவனா பாஸ்வேர்டைத் தூக்கிட்டான். ஏலே யாசின், கூண்டு கட்டச் சொன்னா கொசுவலை கட்டி வச்சிருக்க," என்றான் ஆண்டனி.

யாசின் சிரிக்கவில்லை. "எத்தன வாட்டி சோதிச்சேன்டா. புவனாவக் கேளு."

"அந்தப் புள்ளயப் போயி ஏன் கேக்குற? எறும்பு வந்தாக்கூட ஒதுங்கி நின்னு வழிவிடும் அது."

குஜிலியம்பாறைக்கு அப்பால் அவள் ஊருக்குக் கடைசி பஸ் அஞ்சரைக்கு. பையன்கள் ஒன்பது மணி வரை லேபில் இருப்பார்கள். அவள் பாதியில் விட்டுப்போன வேலையை அவர்களே முடித்துவிடுவார்கள். 'அதை எனக்கு வைங்க' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன், வீட்டிலிருந்தே சர்வருக்குள் வர ஒரு வழி திறந்தாள். அது கூண்டைத் தொடாமல் நேரே மெஷினுக்குப் போகும் வழி; அவள் பாஸ்வேர்டு கிடைத்தால் எவனும் வரலாம். அடைத்துவிடலாம், அடைத்துவிடலாம் என்று நாள் போயிற்று.

"ராத்திரி உக்காந்து கூண்ட நானே எழுதுறேன்," என்றான் ஆண்டனி. "காலைல ப்ராஜெக்ட் மேடத்துட்டச் சொல்லி ப்ராஜெக்ட்லருந்து உன் பேர எடுத்துருவேன்டா."

"ப்ராஜெக்ட் போச்சுன்னா எனக்கு ஒரு வருசம் போச்சு, மாப்ள," என்றான் யாசின்.

கூண்டை எத்தனை முறை எழுதினாலும் அந்த ஆள் வருவான், அறுபது பேரின் விடைகளையும் அழித்தாலும் அழிப்பான். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

"மணி அஞ்சு பத்து. நீ கெளம்பு புவனா," என்றான் ஆண்டனி, அன்பாகத்தான்.

பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். திரும்பி வந்து, சர்வரின் பின்னால் கைவிட்டு, லேப் வயரை விட்டுவிட்டு இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்கினாள்.

"இப்பத் தள்ளு."

ஆண்டனி தள்ளினான். இரைச்சல் அடங்கியது. மூவரும் காத்திருந்தார்கள். பெயர் திரும்பவில்லை.

"அப்ப வெளியிலருந்தா வந்தான்?" யாசின் எழுந்து நின்றான். "வெளியிலருந்து வர வழியே கெடையாதே."

கீழே ரோட்டில் ஏதோ பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"இருக்கு," என்றாள். "வீட்லருந்து வேல பாக்க நான்தான் தொறந்து வச்சேன்."