இன்பமணியை அளந்த கயிறு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் என் அத்தை சொன்னது. "அந்தக் காலத்துல ஒரு டீச்சரம்மா, பொட்டப்பிள்ளையள வெளாட்டு முகாமுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு, வீடு வீடா ஆசாரிய அளவெடுக்க அனுப்பிச்சுட்டா. ஊரே அலறிட்டு." அவ்வளவுதான். ரசம் வந்துவிட்டது. "அப்புறம்?" என்றேன். "அப்புறமாவது இப்புறமாவது, சோத்தத் தின்னு" என்றாள்.

ஆக, இரண்டு வாக்கியம் அத்தையுடையது. மிச்சப் பாவம் என்னுடையது. வருஷம் 1912 என்று நானே வைத்துக்கொண்டேன். அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்திருக்க வேண்டும், செல்போன் வந்திருக்கக் கூடாது. எனக்கு அது போதும்.

தொடக்கம்தான் படுத்துகிறது.

தாமிரபரணி அன்றும் ஓடிக்கொண்டிருந்தது. [அடித்துவிட்டேன். அது என்றைக்கு ஓடாமல் இருந்தது?]

மார்கழிப் பனி விலகாத காலையில் ஹெப்சிபா டீச்சர் குடையை விரித்துக்கொண்டு [பனிக்கு யாராவது குடை பிடிப்பார்களா? இதுவும் போகட்டும்.]

ஜெபகனிக்கு முகாம் என்ற சொல்லே பிடிக்கவில்லை.

இது இருக்கட்டும். இங்கேயிருந்து போவோம்.

2

ஜெபகனிக்கு முகாம் என்ற சொல்லே பிடிக்கவில்லை. அவள் அறிந்த முகாம்கள் இரண்டு. கலெக்டர் துரை கூடாரம் அடித்து இறங்குவது ஒன்று. அன்றைக்கு அக்கம்பக்கத்துக் கோழிகள் குறைந்துவிடும். கொழும்புத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்களை மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி அடைத்துவைப்பது இன்னொன்று. அதற்குள் போன அவளுடைய சித்தப்பா மகன் என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாது. மூன்றாவதாக ஒரு முகாம் உண்டு, அதில் பெண்பிள்ளைகள் பந்து எறிவார்கள், ஓடுவார்கள், கயிறு தாண்டுவார்கள், ஆற்றில் நீந்தப் பழகுவார்கள் என்று ஹெப்சிபா டீச்சர் வந்து சொன்னபோது, ஜெபகனி சுக்குத்தண்ணி டம்ளரை நீட்டியபடியே அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

டீச்சருக்கு வயது இருபத்திரண்டு இருக்கும். நாசரேத்துப் பக்கம். மிஷன் பெண்கள் பள்ளியில் டிரில் சொல்லிக்கொடுக்க அந்த வருஷம்தான் வந்திருந்தாள். தெருவில் நடந்தாலும் இடது வலது தப்பாது. கிறிஸ்மஸ் விடுமுறை முடிவதற்குள் பிள்ளைகளை அம்பாசமுத்திரத்துக்கு அப்பால் ஆற்றோரத் தோப்பு ஒன்றில் பத்து நாள் வைத்துப் பழக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பெற்றவர்கள் மனசார அனுப்பினால் சரி என்று பள்ளிக்கூடத்தை நடத்தும் வெள்ளைக்கார மிஸியம்மா சொல்லிவிட்டாள். அந்த 'மனசார'வுக்காகத்தான் டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். ஜெபகனி அனுப்பினால் தெருவே அனுப்பும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"பொட்டப்பிள்ள பந்து எறிஞ்சு என்னத்துக்கு ஆகப்போகுது டீச்சரம்மா?"

"நல்லா எறியத்தான் ஆகும்க்கா. உங்க இன்பமணி எறிஞ்சா பந்து மதிலத் தாண்டிப் போகுது. தேடிட்டு வரத்தான் எங்களுக்கு ஆள் இல்ல."

கதவுக்குப் பின்னால் இன்பமணி சிரிப்பை அடக்கினாள். பன்னிரண்டு வயது, அடக்கத் தெரியாத வயது.

"ராத்திரி எங்கன படுப்பா?"

"கூடாரத்துல. நானும் கூடவே."

"தரையிலயா? இந்தப் பனியிலயா? பூச்சி பொட்டு வந்தா?"

டீச்சர் யோசித்தாள். மற்ற வீடுகளிலும் இதே கேள்விதான் வந்திருந்தது. "தரையில இல்லக்கா. ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவா ஒரு பலகைக் கட்டில் போட்டுத் தாரோம். போதுமா?" என்றாள்.

"பாப்போம்" என்றாள் ஜெபகனி. எங்கள் பக்கத்தில் 'பாப்போம்' என்றால் முக்கால்வாசி சரி. டீச்சர் சந்தோஷமாகப் போனாள். போகிற வழியிலேயே வைத்தியலிங்கம் ஆசாரி பட்டறையில் ஏறி, கட்டிலுக்கு அளவெடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள். பெற்றவர்கள் மனசு குளிர வேண்டும் என்று நினைத்துச் செய்தது. பாவம், வெளியூர்க்காரி.

3

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஜெபகனியின் கணவர் அப்பாத்துரையை நான் இன்னும் காட்டவே இல்லை. கோர்ட்டில் குமாஸ்தா. முதல் வரைவில் அவரை மூன்று பக்கம் பேசவிட்டிருந்தேன். பெண்கல்வி, தேக ஆரோக்கியம் என்று பொளந்துகட்டினார். எடுத்துவிட்டேன். உண்மையில் அந்த மனுஷர் டீச்சரை வழியில் பார்த்து, "பேஷா கூட்டிட்டுப் போங்கம்மா" என்று முன்னமே சொல்லியாயிற்று. அதை வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை. செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்பமணிக்கு ஒரு அண்ணன் இருந்தான், தேவமணி. வெளியூரில் போர்டிங்கில் படித்தான். மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலோடு வண்டியில் வந்து இறங்கினான். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. இதை ஜெபகனி டீச்சரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் கதைக்காக அவள் வாயை நான் பொத்தவில்லை, சத்தியமாக. அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

4

வைத்தியலிங்கம் ஆசாரி மறுநாள் காலையிலேயே வந்தார். கோயில் பெஞ்சு, பள்ளிக்கூட மேசை, கல்யாணக் கட்டில் எல்லாம் அவர் கைதான். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்கள் கடைசியாகப் படுக்கும் பெட்டியும் அவர் கைதான். பெட்டிக்கு ஆளை அளக்கும்போது அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார், பனைநார்க் கயிற்றை உச்சந்தலையில் வைத்துக் குதிகால்வரை இழுப்பார், ஒரு முடிச்சுப் போடுவார், போய்விடுவார். அது அவர் இறந்தவருக்குச் செய்யும் மரியாதை.*

(* இந்த வழக்கம் நான் கட்டியது. ஊரில் விசாரித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.)

படுத்த ஆளை அளந்து பழகிய கை. பழக்கம் லேசில் விடுமா? இன்பமணி கூடத்தில் இருந்தாள். ஆசாரி துண்டை இடுப்பில் கட்டினார். பாயைக் காட்டிப் படுக்கச் சொல்லிச் சைகை செய்தார். கட்டிலுக்குத்தான் என்று தெரிந்த அந்தக் கழுதை, குஷியாகப் போய் நீட்டி நிமிர்ந்து படுத்து, கையை வேறு நெஞ்சில் கோத்துக்கொண்டது. ஆசாரி குனிந்து கயிற்றை இழுத்தார்.

கொல்லையிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்த ஜெபகனி பார்த்தது அதைத்தான்.

குடம் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. அதே கூடம், அதே ஆசாரி, இடுப்பில் துண்டு, வாய் திறக்காத முகம். மூன்று வருஷம் எங்கேயும் போய்விடவில்லை, அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"உசுரோட இருக்கு வே என் பிள்ள! எடும் கயித்த! ஏட்டி, எந்திரி, எந்திரி!"

இன்பமணி துள்ளி எழுந்தாள். ஆசாரி கயிற்றைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டினார். "கட்டிலுக்குத் தாயி! கட்டிலுக்கு! டீச்சரம்மா சொன்னாவ!"

"அத வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"அளக்கையில பேசிப் பழக்கமில்ல தாயி" என்றார் ஆசாரி. அவருக்கே அழுகை வந்துவிட்டது. ஏற்கெனவே நாலைந்து வீட்டில் அவர் இதே மாதிரி, வாயே திறக்காமல், அளந்துவிட்டு வந்திருந்தார்.

மத்தியானத்துக்குள் தெரு இரண்டுபட்டது. பிள்ளையைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி உட்காரவைத்தாள் ஒருத்தி. சபைப் போதகர் ஐயருக்குத் தெரியாமல் உப்பு சுற்றிப் போட்டாள் இன்னொருத்தி. முகாமுக்கு இனி ஒரு பிள்ளையும் வராது என்று சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடத்துக்குச் சேதி போயிற்று.

5

டீச்சர் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஓடிவந்தாள். இடது வலது எல்லாம் போயிருந்தது.

"தப்பு என்மேலதான்க்கா. எனக்கு இந்த ஊரு வழக்கம் தெரியாது."

ஜெபகனி கூடத்தின் நடுவைக் காட்டினாள். "இங்கனதான் டீச்சரம்மா. எம் மூத்தவன் தேவமணிய இங்கன வச்சுத்தான் அளந்தாவ. அந்தப் பாய எரிச்சாச்சு. கயிறு அதே கயிறுதான்னு நெனைக்கேன்."

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஜெபகனி கேட்டாள்: "இவ பத்திரமாத் திரும்பி வருவான்னு சொல்லுங்க. சொல்லுங்க பாப்போம்."

இந்த இடத்தில் எனக்கு ஒரு வாரம் போயிற்று. ஹெப்சிபா என்ன சொல்வாள்?

"கர்த்தர் பார்த்துக்கொள்வார் அக்கா." [தேவமணிக்கும் இதைச் சொன்னார்கள்.]

"என் உயிரைக் கொடுத்தாவது" [நாடகம் பார்க்க வரவில்லை நாம்.]

"ஒன்றும் ஆகாது." [இது அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது.]

இந்தப் பெண்ணை நான் சந்தேகப்பட்டதும் உண்டு. இருபத்திரண்டு வயதில் முப்பது பிள்ளைகளை ஆற்றோரம் கூட்டிப்போக இவளுக்கு என்ன தைரியம் என்று எனக்கே எரிச்சல் வந்தது. நான் ஜெபகனி பக்கம் சாய்ந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஒருநாள் டீச்சர் என் யோசனையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தானே பேசினாள்.

"சொல்ல முடியாதுக்கா. அவ ஆத்துல எறங்கினா நானும் எறங்கி நிப்பேன். காய்ச்சல்ல மேலு சுட்டா அடுத்த ரயிலுக்கே கூட்டிட்டு வந்துருவேன். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமில்ல."

ஜெபகனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தேவமணிய விடும்போது அந்த போர்டிங்கு சாரு, ஒண்ணுமே ஆகாதுன்னு அடிச்சுச் சொன்னாவ" என்றாள். "நீங்க அப்படிச் சொல்லியிருந்தா இந்நேரம் வெளிய போகச் சொல்லியிருப்பேன்."

செய்தித்தாள் கீழே இறங்கியது. "நான் அன்னைக்கே சரின்னு சொல்லிட்டேன் ஜெபகனி" என்றார் அப்பாத்துரை.

"தெரியும். தெருவுக்கே தெரியும். பேப்பர தலைகீழாப் பிடிச்சிருக்கிய" என்றாள் அவள்.

6

மறுநாள் ஆசாரியை அவளே கூப்பிட்டனுப்பினாள். புதுக் கயிறு கொண்டுவரச் சொல்லி, அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இன்பமணியைப் படுக்கவிடவில்லை, நிற்கவைத்தாள். உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை தன் கையாலேயே இழுத்தாள். முடிச்சுப் போடும் இடம் வந்ததும் நிறுத்தி, கையை விரித்து அதற்குமேல் ஒரு சாண் விட்டு முடிந்தாள்.

"பத்து நாளுல ஒரு சாண் வளரவா போறா தாயி?"

"பெட்டிக்கித்தான் வே மட்டா அளக்கணும். எம்பிள்ள கையக் கால நீட்டிப் படுக்கணும்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் உடைந்து அழுதாள். மூன்று வருஷமாக வராத அழுகை. இன்பமணி பயந்துபோய் அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஆசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கயிற்றைப் பத்திரமாகச் சுருட்டினார்.

அன்றைக்கு மற்ற வீடுகளுக்குப் போகும்போது அவர் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு போனாராம்: "கட்டிலுக்கு! கட்டிலுக்கு அளக்க வாரேன்! ஒரு சாண் கூட்டித்தான் அளப்பேன்!" பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். பெற்றவர்கள் வாசலுக்கு வந்து சிரித்தார்கள்.

இந்தச் சிரிப்பை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன். நான் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்திய ஒரு தெரு. இந்தச் சத்தத்தைக் கேட்ட ஒருவர்கூட இன்று இல்லை. ஆனாலும் அந்தத் தெருவை விட்டு நான் என்றோ வெளியூர் வந்துவிட்டதுபோல் ஏங்குகிறேன். இதற்குப் பெயர் என்னவென்று தெரியவில்லை. புதுப்பலகை வாசனையும் மார்கழிக் காலைமணியும் சுக்குத்தண்ணிக் காட்டமும் நான் அனுபவித்தவையா, எழுதி எழுதி என்னுடையதாக்கிக்கொண்டவையா என்று கேட்டால் முழிப்பேன்.

7

முடிவு.

(அ) பத்து நாள் கழித்து இன்பமணி கறுத்து, மெலிந்து, தொண்டை கட்டி, ஆற்றை அக்கரைவரை நீந்தியதாகப் பீற்றிக்கொண்டு வந்து இறங்குகிறாள். உங்களுக்கு இதுதான் வேண்டும் என்று தெரியும்.

(ஆ) ஆறாம் நாள் மலையில் மழை. ஆற்றில்

[எழுதவில்லை. கை வரமாட்டேன் என்கிறது.]

(இ) வண்டி பாலம் தாண்டுவதற்குள் ஜெபகனி ஆளனுப்பி மகளைத் திருப்பிக் கூட்டிக்கொள்கிறாள். இது கோழை முடிவு, என்னுடையது. மூன்று நாள் இதையே வைத்திருந்தேன்.

நடந்தது என்று நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விடிந்தும் விடியாததுமாக, ரயிலடிக்குப் போக மாட்டுவண்டிகள் வந்தன. பலகைகள் ஏற்றப்பட்டன. ஐயர் ஜெபம் செய்தார், கொஞ்சம் நீளமாகவே. இன்பமணி தாவி ஏறினாள். வண்டி நகர்ந்தது. திரும்பிப் பார்ப்பாள் என்று ஜெபகனி நின்றாள். அவள் பார்க்கவில்லை, பக்கத்துப் பிள்ளையோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டே போனாள். அது ஜெபகனிக்குச் சுருக்கென்றது, அப்பாடா என்றும் இருந்தது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ரோடு திரும்பும் இடத்தில் வண்டி மறைந்தது.

என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். நான் நினைத்தால் இந்த நிமிஷமே (அ)வை எடுத்து ஒட்டிவிடலாம். நீங்களும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் வாசலில் நிற்கிறவளுக்கு அது தெரியாது. தெரியாமல்தான் அவள் சரி என்றாள். பெற்றவளிடம் மறைத்ததை உங்களிடம் மட்டும் எந்த முகத்தோடு சொல்வேன்?

வேண்டுமானால் வந்து அவள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். பேச வேண்டாம். வண்டிச் சத்தம் இன்னும் கேட்கிறது.