நூத்தி முப்பது போஸ்டர்

நான் லேசுல யாருக்கும் நன்றி சொல்ற ஆளு இல்ல. டீ வாங்கிக் கொடுத்தாக்கூட சர்க்கரை கம்மின்னு ஒரு குறை சொல்லிட்டுத்தான் குடிப்பேன். அச்சாபீஸ்ல எனக்கு வக்கீல்னு பேரு. இருபத்தாறு வருஷமா நாலு கலர் மெஷின் ஓட்டறேன். என் வாய் ஓடற வேகத்துக்கு அந்த மெஷினால ஈடு கொடுக்க முடியாதுன்னு கிண்டல் பண்ணுவாங்க. அப்படிப்பட்ட நான் ஒரு பொம்பளைக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறேன்னா, விஷயம் சின்னதா இருக்குமா? போக இருந்தது என் கண்ணு. கண்ணு போனா மெஷின்மேன் வீட்டுல உக்கார வேண்டியதுதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு பிரஷர் இருக்குன்னு சொல்லி, தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. ஒழுங்காத்தான் போட்டுக்கிட்டு இருந்தேன். ஆறு மாசம் முன்னாடி எங்க அச்சாபீஸுக்கு ஒரு போஸ்டர் வந்துச்சு பாருங்க, அதுல ஆரம்பிச்சது வினை.

ஆஸ்பத்திரி சுவத்துல ஒட்டற பிரஷர் போஸ்டர். அதுக்கு முந்தினதை அடிச்சதும் நான்தான். அதுல நூத்தி நாப்பதுக்குக் கீழ இருந்தா கவலை வேண்டாம்னு இருந்துச்சு. புதுசுல அதே அளவு, அதே சிரிக்கிற மனுஷன், ஆனா நூத்தி முப்பதைத் தாண்டினாலே கவனிக்கணுமாம். கீழ ஓரத்துல ஒரு மருந்து கம்பெனி முத்திரை. பழசுல அது பட்டாணி அளவு. புதுசுல உள்ளங்கை அளவு.

விடுவேனா நான்? ரெண்டு போஸ்டரையும் பக்கத்துப் பக்கத்துல ஒட்டி வச்சுக்கிட்டு, வர்றவன் போறவனையெல்லாம் நிறுத்திப் பாடம் எடுத்தேன். "பாத்தியா, கோட்டைப் பத்து இறக்கிட்டானுங்க. நேத்து நல்லாத் தூங்கப் போனவன் இன்னிக்கு நோயாளியா எந்திரிக்கிறான். யாருக்கு லாபம்? இந்த முத்திரைக்காரனுக்கு. நம்ம தலையில நல்லா மிளகாய் அரைக்கிறானுங்க!" அன்னிக்கே மாத்திரையை விட்டேன். வீட்டுக்காரிகிட்ட போட்டுட்டேன்னு சொல்லிட்டு, மாத்திரையை வாஷ்பேசின்ல போட்டுத் தண்ணியைத் திறந்து விடுவேன். ஒரு கெடுதலும் தெரியல. எனக்கா, பெருமை தாங்கல.

போன மாசம் அதே போஸ்டர் மறுபடி வந்துச்சு, பத்தாயிரம் பிரதி. அன்னிக்குக் காலையிலேர்ந்தே இடது கண்ணுக்குப் பின்னால ஒரு வலி. படி ஏறும்போது கைப்பிடி ரெண்டாத் தெரிஞ்சுது. கண்ணாடிக் கடைக்காரன் ஏமாத்திட்டான்னு அவனைத் திட்டிக்கிட்டே மெஷினைப் போட்டேன்.

எங்க தொழில்ல நாலு கலரும் ஒண்ணுமேல ஒண்ணு மயிரிழை பிசகாம உக்காரணும். அதுக்குத்தான் ஷீட் ஓரத்துல சின்னதா ஒரு கூட்டல் குறி. நாலு கலர்லயும் அந்தக் குறி ஒரே இடத்துல விழுந்தா ரிஜிஸ்டர் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். அன்னிக்கு நான் எடுத்துப் பாத்த ஷீட்ல குறி ரெண்டா இருந்துச்சு. லென்ஸை வச்சு ஒரு கண்ணால பாத்தா சரியா இருக்கு, எடுத்துட்டா மறுபடியும் ரெண்டு. லென்ஸுக்கு வயசாயிடுச்சுன்னு அதைத் தூக்கி மூலையில வச்சேன். ஒரு கலரோட அச்சுப் பிளேட்டை ஒரு திருகு தள்ளினேன். அப்பவும் ரெண்டு. இன்னொரு திருகு. அப்புறம் போதும்னு ஓட விட்டுட்டேன்.

ரெண்டாயிரம் ஷீட் போனப்புறம் கட்டிங் அக்கா கையில ஒரு ஷீட்டோட வந்தாங்க. அச்சான தாளை அளவு பாத்து வெட்டற மெஷின் அவங்களோடது. என்னைவிட நாலு வயசு பெரியவங்க. என்னை நேருக்கு நேரா அதட்டற ஒரே ஆளு.

"ஏன் வக்கீலே, இந்த மனுஷனுக்கு எத்தனை உதடு?"

"ரிஜிஸ்டரைச் சரி பண்ணிட்டேங்க்கா. இப்பப் பாருங்க."

"என்னத்தைச் சரி பண்ணின? முதல்ல வந்த ஷீட் சரியா இருந்துச்சு. நீ கை வச்சப்புறம்தான் மூஞ்சி கிழிஞ்சு போயிருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இருபத்தாறு வருஷமா ரிஜிஸ்டர் பாக்கறவன்கிட்டயா இந்தப் பேச்சு? முதல் ஷீட்டை எடுத்து அவங்க முன்னால வீசினேன். "இந்தக் குறி ரெண்டா இருக்கே, உங்களுக்குத் தெரியலையா?"

அக்கா ஷீட்டைப் பாக்கல. என் மூஞ்சியையே பாத்தாங்க, இடது கண்ணு ஒரு பக்கமா ஒதுங்கி நின்னுச்சாம். "இடது கண்ணை மூடு," ன்னாங்க.

"என்ன விளையாடறீங்களா?"

"மூடுன்னா மூடேன்ப்பா."

மூடினேன். ஒரு குறி. அந்தக் கண்ணைத் திறந்து மத்ததை மூடினேன். அப்பவும் ஒரு குறிதான். ரெண்டையும் திறந்தேன். ரெண்டு. நல்லா இருந்த மெஷினை என் கண்ணுக்குத் தகுந்த மாதிரி திருகித் திருகிக் கெடுத்து வச்சிருக்கேன்!

"மெஷினை நிறுத்து," ன்னாங்க. முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்னேன். "அவருக்கு நான் சொல்லிக்கறேன். நீ நட."

ஆஸ்பத்திரியில இருந்த டாக்டரம்மாவுக்கு என் பொண்ணு வயசுதான் இருக்கும். கையில பட்டையைச் சுத்தினாங்க, கழட்டினாங்க, மறுபடி சுத்தினாங்க. பிரஷர் மேல இருநூத்து நாலு. கீழ நூத்திப் பதினெட்டு. என்னென்னவோ பாத்து முடிச்சுட்டு, கண்ணைத் திருப்பற நரம்புக்கு ரத்தம் சரியாப் போகல, அதான் ரெண்டாத் தெரியுதுன்னாங்க.

"மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

தகவல் கேட்டு ஓடி வந்து வெளிய நின்ன வீட்டுக்காரி காதுல விழாம மெல்லச் சொன்னேன். ஆனா வாய் சும்மா இருக்குமா? "ஒரு வருஷம் நூத்தி நாப்பதுங்கறீங்க, அப்புறம் நூத்தி முப்பதுங்கறீங்க. கீழ மருந்துக் கம்பெனி முத்திரை போடறீங்க. மனுஷன் எதைத்தான் நம்பறது?"

திட்டுவாங்கன்னு பாத்தேன். அந்தப் பொண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. "நீங்க கேக்கறதுல தப்பே இல்ல. அந்த முத்திரை எனக்கும் பிடிக்கல. நூத்தி நாப்பதா முப்பதான்னு எங்களுக்குள்ளயே இன்னும் வாக்குவாதம் நடக்குது. ஆனா அது நூத்தி முப்பத்தஞ்சுல இருக்கறவருக்கான வாக்குவாதம். நீங்க இருநூறுல நிக்கறீங்க. கோட்டை எவன் எங்க போட்டாலும் நீங்க அதுக்கு மேலதான்."

பட்டை சுத்தின கையைத் தேய்ச்சுக்கிட்டே தலையை ஆட்டினேன்.

"நல்ல வேளை, நரம்போட போச்சு," ன்னாங்க. "மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருந்தா இப்படி உக்காந்து என்கிட்ட சண்டை போட்டிருக்க மாட்டீங்க. பிரஷர் குறைஞ்சா ரெண்டு மூணு மாசத்துல கண்ணு சரியாக வாய்ப்பு அதிகம். கேள்வி எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. மாத்திரையைப் போட்டுட்டு வந்து கேளுங்க." பழைய மாத்திரைதான், முப்பது நாப்பது வருஷமா இருக்கறது, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லன்னு சிரிச்சுக்கிட்டே எழுதிக் கொடுத்தாங்க. அந்தப் பொண்ணு நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

இடது கண்ணுல பஞ்சை வச்சு ஒட்டி வெளிய அனுப்பினாங்க. வீட்டுக்காரி கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். பெஞ்சுல கட்டிங் அக்கா உக்காந்திருந்தாங்க. அவங்களைப் பாத்ததும்தான் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அக்காவுக்கும் பிரஷர். எனக்கு முன்னாடியிருந்தே இருக்கு. நான் போஸ்டரைக் காட்டிப் பிரசங்கம் பண்ணினதுல, "சரி வக்கீலே, நானும் விட்டுடறேன்" னு சொன்னவங்க அவங்க. அதை நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடிச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க வேலை பாக்கறதோ கத்தி இறங்கற மெஷின். ஒரு நிமிஷம் கண்ணு இருட்டினா கை போயிடும்.

"அக்கா, உள்ள வாங்க. இப்பவே பிரஷர் பாக்கணும்." குரல் எனக்கே அடையாளம் தெரியல. "நான் சொன்னதெல்லாம் தப்புங்க்கா. பெரிய பாவம் பண்ணிட்டேன். எந்திரிங்க, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உயிரோட இருந்து பிரயோஜனமே இல்ல."

கையைப் பிடிச்சு இழுத்தேன். அவங்க அசையல.

"எனக்கு என்ன வந்துச்சு? நான் எங்க நிறுத்தினேன்?"

"விட்டுடறேன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். சொல்லலேன்னா நீ என்னைச் சாப்பிட விடுவியா? அரை மணி நேரம் போஸ்டரைக் காட்டிப் பேசுவே. நான் பாட்டுக்கு உனக்குத் தலையை ஆட்டிட்டு, காகிதக் கட்டுக்குப் பின்னால போய் முழுங்கிட்டு வந்துடுவேன். பைண்டிங்காரரும் அப்படித்தான். பிளேட் போடறவரும் அப்படித்தான். உன் பேச்சை நம்பி அங்க ஒருத்தரும் எதையும் நிறுத்தலப்பா. நீ ஒருத்தன்தான் நம்பியிருக்கே."

என் பேச்சை நம்பலன்னு ஒருத்தன் சொன்னா அன்னிக்கு முழுக்க அவனோட மல்லுக்கு நிக்கற ஆளு நான். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல, வீட்டுக்காரி பாக்க, நாலு பேர் பாக்க, அந்தப் பெஞ்சு பக்கத்துல தரையிலேயே உக்காந்து அழுதேன். "நல்லா இருப்பீங்கக்கா, நல்லா இருப்பீங்க" ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அக்கா என் முதுகைத் தட்டி, "எந்திரிப்பா, பஞ்சு நனையுது" ன்னாங்க.