சக்கினா விற்க மாட்டேன் என்ற முந்திரி

1

இந்தக் கதை ஒரு வேனில் என்னிடம் பிடிபட்டது. மொசாம்பிக்கில், நம்பூலாவிலிருந்து அங்கோஷே என்ற கடலோர ஊருக்குத் திரும்பும் வேன். முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். நான் பார்த்தது அவர்களுடைய தலைத்துணி முடிச்சுகளை மட்டும்.

“இந்த வருஷம் முந்திரிக்கொட்டைய விக்க மாட்டேன்.”

“பின்ன? தலைக்கு வெச்சுப் படுத்துக்குவியா?”

“தின்னுவேன்.”

“அத்தன மூட்டையுமா? வயிறு வெடிச்சுச் செத்தா, எழவுக்கு வர்றவங்களுக்கு என்னத்தப் போடுவாங்க?”

“அதையேதான் போடுவாங்க.”

வேனே சிரித்தது. விற்க மாட்டேன் என்றவள் மட்டும் சிரிக்கவில்லை.

எனக்குக் கதைகள் இப்படித்தான் வரும். முகம் இருக்காது, குரல் இருக்கும். அந்தக் குரலுக்குச் சக்கினா என்று பெயர் வைத்தேன். கேலி பேசியவள் அத்திஜா. இருவரும் ஒரு காலத்தில் ஊரின் முந்திரி ஆலையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைத்தவர்கள் என்பதை, வேனை விட்டு இறங்குவதற்குள் அவர்கள் வாயாலேயே கேட்டுவிட்டேன்.

2

தொடங்குவதுதான் பெரும்பாடு.

“உலகத்துக்கே முந்திரி கொடுத்த மொசாம்பிக்கின் வடகரையில்—” வேண்டாம். பாடப்புத்தகம்.

“சக்கினாவின் விரல்நுனிகளில் ரேகை கிடையாது, முந்திரி ஓட்டின் காரமான எண்ணெய் அதை எரித்து—” உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே அவளைக் கையேந்த வைக்கிறது. அத்திஜா படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள். “எங்க கையக் காட்டித்தான் நீ கதை விக்கணுமா?” என்பாள்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: சக்கினாவின் கூரை ஓலைக் கூரை, ஒழுகும். மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், மழை உச்சத்தில் இருக்கும்போது. முந்திரியை விற்றால் தகரம் போடலாம். விற்காவிட்டால் பிள்ளை ஈரத்தில் பிறக்கும்.

இப்போது அவள் “தின்னுவேன்” என்றதற்கு எடை வந்துவிட்டது.

3

அப்படி என்ன ஆசை? என் எழுத்தால் விளக்கப் பார்த்தேன், பொய்யாக வந்தது. அவர்களையே பேச விடுகிறேன். இடம்: சக்கினாவின் வாசல். எதிரே மூடிக்கிடக்கும் ஆலையின் சுவர். மூன்றாவது குரல் முவாஜூமாவுடையது. ஆலையில் பாட்டெடுத்துக் கொடுத்தவள்.

“சங்கு ஊதும் பாரு காலையில, ஊரே எந்திரிக்கும்.” இது முவாஜூமா.

“எம் புருஷன் எந்திரிக்க மாட்டான்.” இது அத்திஜா.

“மத்தியானம் பீன்ஸ் சூப்பு ஊத்துவாங்களே, அந்த வாசம்!”

“அதுல பீன்ஸத் தேடணும்டி.”

“தேடினாலும் சூடா இருந்துச்சே. பிள்ளைங்களுக்குத் தொட்டில் கொட்டகை, ஆளுக்கு ஒரு டம்ளர் பால். சம்பளத்தன்னிக்கு எல்லாரும் ஒரே மாதிரி கப்புலானாத் துணி வாங்கிக் கட்டிக்கிட்டுத் தெருவ அடைச்சு நடந்து வருவோம். ஆம்பளைங்க ஒதுங்கி வழி விடுவாங்க.”

“அதுக்காகவே இன்னொரு தடவ கை எரியலாம்.”

பிறகு சக்கினா:

“உடைஞ்சது தின்னுருக்கோம். கருகினது தின்னுருக்கோம். முழுசா, வெள்ளையா, ஒரு கை நிறைய, நாம தின்னுருக்கோமாடி?”

(இவர்கள் ஏங்குவது ஆலைக்கா, தங்கள் இருபது வயதுக்கா என்று இங்கே ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அத்திஜா “ரெண்டும் ஒரே கேட்டு வழியாத்தானே உள்ள போச்சு” என்றாள். கட்டுரையைக் கிழித்துவிட்டேன்.)

4

ஆனாலும் ‘ஏன்’ என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மரம் இவர்களுடையது, கை இவர்களுடையது. பிறகு ஏன் கூரை ஒழுகுகிறது? இப்படி ஒரு பத்தி எழுதினேன்:

“கடன் கொடுத்த தூர தேசத்தார் யோசனை சொன்னார்கள்: பச்சைக்கொட்டையை உடைக்காமலே, தடையில்லாமல் கப்பலேற்றுங்கள், விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும். கேட்காவிட்டால் கடன் கிடையாது என்பதுதான் அந்த யோசனையின் மிச்சப் பாதி. கொட்டை கப்பலேறியது. ஆலைகள் மூடின. விலையோ—”

விலைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கொட்டை வாங்க வரும் உஸ்ஸேனேயை உருவாக்கினேன். தங்கப்பல், மோட்டார் சைக்கிள், கள்ளத் தராசு. நல்ல வில்லன். அவன் வாயைத் திறந்ததும் எல்லாம் கெட்டது.

“மாமி, எங்கம்மாவும் உங்க கொட்டகையில கொட்டை உடைச்சவங்கதான். அந்தத் தொட்டில்ல தூங்கினவன்தானே நானு?”

தங்கப்பல் விழுந்துவிட்டது. தராசும் நேரானது.

விலையை யார் வைக்கிறார்கள் என்று கேட்டேன். கிடங்குக்காரர் என்றான். கிடங்குக்காரர் கப்பல்காரரைக் காட்டினார். கப்பல்காரர் சந்தையைக் காட்டினார். படியேறிக்கொண்டே போனேன். ஏற ஏறத் தரைவிரிப்பு தடித்தது, ஆள் மட்டும் அகப்படவில்லை. எல்லோரும் மேலே கைகாட்டினார்கள்.*

* கப்பல் நம் பக்கமும் வருகிறது. கொல்லத்திலும் பண்ருட்டியிலும் அதே கொட்டையை உடைக்கும் பெண்ணின் விரலும் கறுப்புத்தான். அவளும் பணக்காரி ஆகவில்லை. பணம் அந்த விரிப்புகளுக்குள் எங்கோ அமுங்கிக்கிடக்கிறது. உங்கள் வீட்டுப் பாயசத்தைக் குறை சொல்ல வரவில்லை, குடியுங்கள்.

5

கொட்டை உடைத்துத் தின்ன சக்கினா எல்லோரையும் கூப்பிட்ட நாளை எழுதிவிடுகிறேன்.

பழைய கொட்டகைக்காரிகள் கல்யாணத்துக்கு வருவதுபோல முகத்தில் முசிரோ என்னும் வெள்ளை மரச்சாந்து பூசிக்கொண்டு வந்தார்கள். ஓட்டைத் தகரத்தில் கொட்டை வறுபட்டது. எண்ணெய் குப்பென்று தீப்பிடித்தது, புகையில் கண் எரிந்தது. எண்ணெய் சுடாமலிருக்கக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு ஆளுக்கொரு கல்லோடு உட்கார்ந்தார்கள். முவாஜூமா பாட்டெடுத்தாள், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். கல் தாளம் போட்டது. குரல்களில் பாதி வயது குறைந்தது. தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். ஆலைச் சுவர்கூடக் கேட்டிருக்கும் என்று எழுதி, அடித்துவிட்டேன். சுவர் சுவர்தான்.

முறத்தில் வெள்ளைப் பருப்பு குவிந்தது. முழுசு முழுசாக. ஒரு மூட்டை தீர்ந்து அடுத்ததை அவிழ்த்தபோதுதான் சக்கினா கவனித்தாள். ஒருத்தியும் ஒரு பருப்பை வாயில் போடவில்லை.

“தின்னுங்கடி!”

தலையாட்டினார்கள். பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

“அடியே, பாட்ட நிறுத்துங்க!”

நின்றது. அத்திஜா சட்டென்று முதுகுப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“மேஸ்திரி வந்துட்டானா?”

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஆலையில் பாட்டு சட்டமாக இருந்தது. பாடுகிற வாய் தின்னாது. மேஸ்திரி வரிசைக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு நடப்பான், காதை வைத்தே பிடித்துவிடுவான், எந்த இடத்தில் ஒரு குரல் குறைகிறது என்று.

முவாஜூமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “அப்ப நான் பாடினது பாட்டில்லையா? பூட்டா?”

“பாட்டுதான்டி. உன்னோடதுதான்.” சக்கினா அவள் தோளைத் தொட்டாள், சாம்பல் கையோடு. “மேஸ்திரி செத்துட்டான். பாட்டு இருக்குல்ல?”

6

அப்போது உஸ்ஸேனேயின் மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் லாரி. முறத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்தான்.

“என்ன மாமி இப்படிப் பண்ணிட்டீங்க! உடைச்சுட்டீங்களே!”

“முழுசா உடைச்சிருக்கோம். பாரு, ஒண்ணாவது ரெண்டா இருக்கா? நல்ல விலை குடு” என்றாள் அத்திஜா.

“உடைச்சத யாரு வாங்குவா? கப்பல்ல பச்சைக்கொட்டைதான் ஏறும். உங்க கை பட்டா வெல போயிடும் மாமி.”

அவன் இதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் சொன்னான். நாலாம் பகுதியில் நான் தேடிய வாக்கியம் இதுதான். என்னைவிடக் குறைவான சொற்களில் அவனுக்கு வந்துவிட்டது.

“மீதி மூட்டையாவது குடுங்க. தகரத்துக்குச் சரியா வரும். வானத்தப் பாருங்க.”

கடலோரம் மேகம் கறுத்திருந்தது.

முடிவு ஒன்று: மீதியைக் கொடுக்கிறாள். தகரம் ஏறுகிறது, பேரப்பிள்ளை உலர்ந்த பாயில் பிறக்கிறது. அடுத்த வருஷமும் லாரி வருகிறது. இதை அத்திஜாவுக்கு மனத்துக்குள் படித்துக் காட்டினேன். “இது கதையா? இது போன வருஷம்” என்றாள்.

முடிவு இரண்டு: எல்லா மூட்டையையும் உடைக்கிறார்கள், தெருவுக்கே கொடுக்கிறார்கள், தின்று சிரிக்கிறார்கள். இதற்கும் அத்திஜா விடவில்லை: “நல்லாத்தான் இருக்கு. ஒழுகுற எடத்துல சட்டி வெக்க நீ வர்றியா?”

மூன்றாவது முடிவுக்கு ஒரு வரிதான் கிடைத்தது: “அப்போது ஊர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து இனிமேல் ஒரு மூட்டையைக்கூட உடைக்காமல் லாரியில் ஏற்ற விடமாட்டோம் என்று—” அதை முடிக்க எனக்குத் துணிவில்லை. அதை முடிக்கவேண்டியது எழுதுகிறவள் இல்லை என்றும் தோன்றுகிறது.

ஆகவே இருக்கிறபடியே உங்களிடம் விடுகிறேன். உஸ்ஸேனே மோட்டார் சைக்கிளின் இன்ஜினை அணைத்துவிட்டான். முவாஜூமா கல்லைக் கீழே வைக்கவில்லை. முதல் தூறல் வறுதகரத்தில் விழுந்து சுர்ரென்கிறது.

“என்ன மாமி சொல்றீங்க?”

சக்கினா முறத்திலிருந்து ஒரு கை பருப்பு அள்ளுகிறாள். வாயைத் திறக்கிறாள்.

தின்னவா, பாடவா, பதில் சொல்லவா? நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்குக் கேட்கிறதா?