பரப்பாத சாமான்

கல்யாணத்தன்று பெண் வீட்டார் கொண்டுவந்த சீர் சாமான்களைக் கூடத்தில் பரப்பி வைத்தபோது, கரண்டி முதல் கட்டில் வரை ஒன்றுவிடாமல் பார்த்தவள் நாகம்மை ஆச்சி. தன் கண்ணில் படாத எதுவும் மருமகள் கிருத்திகாவோடு காரைக்குடி வீட்டுக்குள் வரவில்லை என்று நம்பியிருந்தாள். இப்போது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

மகன் ஸ்ரீநிவாசனையும் கிருத்திகாவையும் போன மாதம்தான் வழக்கப்படி வேறு வைத்தார்கள். ஒரே வீடுதான், தனி அறை, தனி அடுப்பு. அதன்பிறகு மாமியார் கூப்பிடாமல் அங்கே போய் நிற்பது மரியாதையில்லை. மருமகளுக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. ஸ்ரீநிவாசன் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரும்புக் கடைக்குத் திரும்பியதும் கதவு சாத்தப்படும், பாட்டு ஆரம்பிக்கும்.

தினமும் அதே பழைய இங்கிலீஷ் பாட்டு. தொண்டை கட்டிய ஒருவன் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப முறையிடுவான். கிட்டார் அவனுக்குப் பதில் சொல்லும். நடுவில் நின்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து வரும். யார் அனுப்பிய பாட்டு? எந்தக் காலேஜ் பழக்கம்? மகனிடம் சொன்னால் குடும்பம் உடையும், சொல்லாவிட்டாலும் உடையும் என்று ஆச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

வெட்கக்கேடு என்னவென்றால், பாட்டு அவளையும் பிடித்துக்கொண்டது. முறத்தில் புடைக்கிற கை தானாக அந்தத் தாளத்துக்குப் போயிற்று. குரல் அடங்கி, கிட்டார் தனியாகப் புலம்பத் தொடங்கும்போது நெஞ்சு என்னவோ செய்யும். பாவி மகள் சரியாக அங்கேதான் நிறுத்துவாள்.

ஒரு நாள் பாட்டு நின்றும் கிட்டார் நிற்கவில்லை. உள்ளே யாரோ தட்டுத்தடுமாறி வாசித்தார்கள். ஆள் உள்ளேயே வந்துவிட்டான்! சாக்குக்கு ஒரு தட்டில் சீயப் பலகாரத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள் ஆச்சி.

கிருத்திகா மட்டும்தான் இருந்தாள், மடியில் கிட்டாரோடு.

“இது எங்குட்டிருந்து வந்துச்சு? பரப்புன சாமான்ல இல்லியே!”

“என்னோடது இல்ல அயித்தை. உங்க மகனோடது.” கிருத்திகா பதறி எழுந்தாள். “படிக்கிறப்ப வாங்குனாகளாம். கடையில உக்காரப் போறவனுக்கு எதுக்கு இதுன்னு விக்கச் சொன்னீகளாம். வித்துட்டதாச் சொல்லிட்டு, இந்தப் பரண்லயே ஒளிச்சு வச்சிருக்காக. இந்தப் பாட்டுன்னா அவுகளுக்கு உசுரு. பிறந்தநாளைக்கு வாசிச்சுக் காட்டலாம்னு கேட்டுக் கேட்டுப் பழகுறேன்.”

ஆச்சி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். விற்கச் சொன்னது நினைவிருந்தது. பெற்றவளிடம் மறைத்ததை நேற்று வந்தவளிடம் சொல்லியிருக்கிறான். அது வலித்தது.

“அந்தப் பாட்டை முழுசாப் போடு.”

கிட்டார் தனியாகப் புலம்பி, ஏறி, மெல்ல அடங்கும் வரை கேட்டாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதைத்தான் பரணில் போட்டுவிட்டு அவன் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தானா?

அன்றைக்குச் சீக்கிரமே வாசலில் மகனுடைய பைக் சத்தம் கேட்டது. ஆச்சி எழுந்தாள்.

“எடுத்து உள்ள வை. நான் பாத்தேன்னு சொல்லிராத. அவனா ஒரு நாள் எனக்குச் சொல்லட்டும்.”

வெளியே வந்து, கதவைத் தன் கையாலேயே சாத்தினாள்.