கழிவு போக நின்ற வெண்பனி

இப்போதெல்லாம் ஆட்கள் எதைக் கண்டாலும் முதலில் போனைத் தூக்குகிறார்கள், பிறகுதான் கண்ணைத் திறக்கிறார்கள். றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே, தோட்டத்து வரிசை வீடுகளில் நாலாம் நம்பர் லயத்தில், செல்லசாமியின் ஓரறைக் காம்பராக் கூரையில் மட்டும் வெண்பனி விழுந்த அன்றும் அப்படித்தான். விடியற்காலையில் தேயிலை மேல் படியுமே, அந்தப் பனியல்ல. கனடாவில் இருக்கிறவர்கள் படம் பிடித்து அனுப்புகிற வெள்ளைப் பனி. ஒரு சாண் உயரத்துக்கு விழுந்தது. இடப்பக்கத்துக் கூரையில் வெயில், வலப்பக்கத்துக் கூரையில் ஒரு சேவல். அட்டனிலிருந்து வேன் பிடித்து வந்து படம் எடுத்துப் போனவர்களில் ஒருவர்கூட, உள்ளே இருக்கிற மனுசனுக்குக் கம்பளி இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. செல்லசாமி யாரையும் நம்பாத ஆள்.

முப்பத்தோரு வருசம் அவர் கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர். பெண்கள் பறித்து வருகிற கொழுந்தை நிறுத்து, ஈரத்துக்கென்று ஒரு கிலோ கழித்து, மிச்சத்தைச் சத்தமாகச் சொல்லுவார். மழை நாளிலும் கழிவு, வெயில் நாளிலும் கழிவு. வழக்கம் அது. அவருடைய மனைவி லெட்சுமியின் கூடைக்கு மட்டும் இரண்டு கிலோ. பொஞ்சாதிக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாதாம். லெட்சுமி சும்மா விடுகிறவள் இல்லை. தினமும் மாலை நாலரை நிறுவைக்கு அதே இடத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

“ஏய்யா, எங்கூடையில மட்டும் மகாவலி ஆறு ஓடுதா?”

“நவுறுடி. பின்னால ஆள் நிக்கிது.”

“நிக்கட்டும். எம்புருசன் தராசு புடிக்கிற லெச்சணத்த அவுங்களும் பாக்கட்டும்.”

மடுவமே சிரிக்கும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கூடையை மாட்டுவார். வீட்டில் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. இருந்த பேச்சு அந்தத் தராசடியில்தான்.

ஒரு வெயில் நாளில் பன்னிரண்டாம் நம்பர் மலையில் குளவிக்கூடு கலைந்து, கொழுந்து பறித்தவர்களைக் கொட்டியது. ஆறு பேரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள், ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். லெட்சுமியின் கூடையை யாரோ மடுவத்துக்குத் தூக்கி வந்திருந்தார்கள். ஒன்பது கிலோ இருந்தது. “லெட்சுமி, ரெண்டு கழிவு, ஏழு” என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். சண்டைக்கு ஆள் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் செய்திதான் வந்தது. அதோடு அவர் வேலையை விட்டார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மாலை நாலரைக்கு, கூரையில் முதல் பனி விழுந்தது.

அதே லயத்தில் பிறந்து, பேராதனையில் படித்து, வடக்கே ஒரு குளிர் தேசத்தில் பனியை ஆராய்ச்சி செய்கிறவள் பிரேமினி. பூமி முழுவதையும் கம்ப்யூட்டரில் கட்டங்கட்டமாகப் பிரித்து, எந்த மலையில் எவ்வளவு பனி மூடும், சூடு ஏறினால் எப்போது உருகும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. நம்முடைய மலை விழுகிற கட்டத்தில் எப்போதும் சைபர். படத்தைப் பார்த்து நம்பாமல் லீவு போட்டு வந்தாள். வந்தவள் கூரையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், வெப்பமானியைப் பார்த்தாள். பதினெட்டு டிகிரி.

“தாத்தா, எங்கணக்குப்படி இங்க பனி இருக்கவே முடியாது.”

“அப்ப ஒங்கணக்கே வந்து இந்தக் கூரைய வழிச்சிட்டுப் போவட்டும்.”

பனியில் உயரம் முக்கியமில்லை, எடைதான் முக்கியம், அந்த எடைதான் அதற்குள் இருக்கிற தண்ணீர் என்று விளக்கினாள். கூரையின் தாழ்ந்த ஓரத்தில் ஒரு பெரிய தகரத் தட்டைக் கட்டி, எதிரே ஒரு காமராவை மாட்டி, தராசையும் கொப்பியையும் செல்லசாமியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தோட்டத்தில் அவரைவிட நன்றாக நிறுக்கத் தெரிந்தவர் இல்லை. தினமும் நிறுத்து எழுதினார், பிரேமினியின் அம்மா அதைப் போனில் அனுப்பினாள்.

பத்து மாதம் கணக்கு ஒத்து வரவில்லை. காமராவில் தெரிகிற பனிக்கும் கொப்பியில் இருக்கிற எடைக்கும் தினமும் ஒரே அளவு வித்தியாசம். பிரேமினி காற்றைக் கூட்டினாள், வெயிலைக் குறைத்தாள், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாள். கடைசியில் வெறுத்துப்போய், தன் கணக்கில் நாளுக்கு இரண்டு கிலோ என்று கழித்துப் பார்த்தாள். பூட்டுக்குச் சாவி மாதிரி விழுந்தது. அங்கே இருக்கிற பெரிய பேராசிரியர்கள் அது என்ன இரண்டு கிலோ என்று கேட்டார்கள். அதைக் கேட்கத்தான் மறுபடி வந்தாள்.

“தாத்தா, எதையாச்சும் கழிச்சீங்களா?”

“கழிக்காம? தண்ணிக்கு ரெண்டு.”

“பனியே தண்ணிதான் தாத்தா! தண்ணிக்குன்னு தண்ணியக் கழிக்கலாமா?”

“நிறுக்கச் சொன்ன, நிறுத்தேன். இப்ப வந்து நொட்டம் சொல்ற.”

இன்னொன்றும் அவளுக்கு விளங்கவில்லை. பனி நாலரைக்கு மட்டும்தான் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை விழுவதில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் விழவில்லை. லீவு எடுக்கிற பனியை அவள் எந்தத் தேசத்திலும் பார்த்ததில்லை. அது யார் மடுவத்துக்கு வருகிற நேரம் என்று லயத்துப் பெண்களுக்கு முதல் வாரத்திலேயே தெரியும். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அவள் வந்திருந்த அந்த மாசி மாதம், கூரைப் பனியின் ஈரம் இறங்கிப் பக்கத்துக் காம்பராச் சுவர் உறைந்தது. அங்கே நிஷாந்தியின் எட்டு மாதக் குழந்தை லோஜனுக்குச் சளி நெஞ்சில் கட்டி, மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம் வந்தது. வேறு காம்பரா காலியில்லை. டாக்டர் ஈரச் சுவரிலிருந்து பிள்ளையை நகர்த்து என்றார், எங்கே நகர்த்துவது என்று சொல்லவில்லை. நிஷாந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செல்லசாமியின் வாசலில் வந்து நின்றாள்.

“மாமா, நிறுவைய முழுசாச் சொல்லிருங்க. அத்த அதுக்குத்தான் வருது.”

“செத்தவளுக்குக் கூரையில என்னா வேல? காத்து மாறிப்போச்சு, அதான்.”

“காத்துன்னா, கழிக்காமச் சொல்றதுல ஒங்களுக்கு என்னா நட்டம்?”

பிள்ளையின் நெஞ்சு இரண்டு மூன்று தரம் விசிலடித்தது. செல்லசாமி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“முழுசாச் சொல்லிட்டா, மறுநா எதுக்கு வருவா?”

நிஷாந்தி பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

நாலரைக்குப் பனி விழுந்தது. செல்லசாமி தட்டை இறக்கித் தராசில் மாட்டினார். முள் ஆடி நின்ற பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். மடுவத்தில் சொல்லுகிற அதே குரலில் சொன்னார்.

“லெட்சுமி. அஞ்சே முக்கால். கழிவு இல்ல.”

விழுந்துகொண்டிருந்த பனி கூரைக்கு ஒரு முழம் மேலேயே மழைத்தண்ணீராகிச் சொட்டியது. பிறகு அதுவும் நின்றது. ஒன்றரை வருசத்துப் பனி இருட்டுவதற்குள் உருகி, கூரைப் பீலியில் இறங்கி, வாசல் கான் வாய்க்காலில் ஓடிப்போனது. இரண்டு நாளில் சுவர் காய்ந்தது. குழந்தை நன்றாகத் தூங்கியது. நிஷாந்தி ஒரு கிண்ணத்தில் பாயாசம் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

திங்கட்கிழமை நாலரைக்கு ஆட்கள் போனைத் தூக்கிக்கொண்டு கூடினார்கள். பிரேமினி கம்ப்யூட்டரை மடியில் வைத்திருந்தாள். வானம் சும்மா இருந்தது. செல்லசாமி காலித் தட்டை எடுத்துத் துடைத்துத் தராசில் மாட்டினார். முள் சைபரில் நின்றது.

“லெட்சுமி. ஒண்ணுமில்ல. ரெண்டு கழிவு.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்து மணிச் சங்கு ஊதும்வரை நின்றார். பிரேமினி அவர் சொன்னதைச் சொன்னபடியே அடித்தாள், கம்ப்யூட்டரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் அந்த உலகப் படத்தில் நம்முடைய கட்டத்தில், ஒன்றுமில்லாததைவிட இரண்டு கிலோ குறைவாகப் பனி இருக்கிறது. பேராசிரியர்களும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

“நின்னுடுச்சு தாத்தா” என்றாள் பிரேமினி.

“காலம் மாறுனா நிக்கத்தான் செய்யும். இதுக்கு ஒரு மிசினு, ஒரு கூட்டம்” என்றார் செல்லசாமி. தட்டைத் தராசிலேயே விட்டுவிட்டு, கூரைப் பக்கம் பார்க்காமல் ரோட்டில் இறங்கி நடந்தார்.